ஏ.சி.க்குக் கீழே ஒரு வாளி

மே 4

இன்று கத்திரி பிறந்தது. ஏ.சி. ஒழுகத் தொடங்கியதும் இன்றுதான்.

இந்த டைரி என் கணவர் சாமின் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கப்பல் படம். ஜனவரியிலிருந்து எல்லாப் பக்கமும் காலி. எழுத நேரமில்லை. இப்போதும் நேரமில்லை, ஆனால் எப்படியும் முழித்துத்தான் இருக்கிறேன்.

தூத்துக்குடியில் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடலிலிருந்து வருகிற ஈரத்தைத்தான் பொறுக்க முடியாது. குளித்துவிட்டுத் துவட்டினால், துவட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வரும். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு அடுப்படி, ஒரு பெட்ரூம். ஏ.சி. பெட்ரூமில் மட்டும். அதனால் கோடை வந்தால் வீடே அந்த அறைக்குள் வந்துவிடும். கட்டிலில் நானும் பாப்பாவும். பாப்பாவுக்கு ஐந்து மாதம், பெயர் ஜெமிமா. கீழே பாயில் சாம். கதவோரம் இன்னொரு பாயில் அத்தை, சாமின் அம்மா. அத்தையின் குறட்டை ஏ.சி. சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

ஏ.சி. என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. குளிர்ந்தால் அது "நம்ம ஏ.சி." ஒழுகினால் "ஒங்க அப்பா வாங்கித் தந்த ஏ.சி."

சுவரோரமாகச் சொட்டுகிறது. கீழே குளியலறை வாளியை வைத்திருக்கிறேன். ராத்திரி நிறைந்து வழிந்தால் அத்தையின் பாய் நனையும். யாராவது எழுந்து பார்க்க வேண்டும். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வாளியைப் பார்க்க எழும்போது பாப்பாவையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். வழியில்தானே இருக்கிறாள்.

மே 5

குடும்ப ஜெபமும் இன்றிலிருந்து ஏ.சி. அறைக்கு மாறியது. ஹாலில் நடந்தவரை சாப்பாடு ஆறுவதற்குள் முடிந்துவிடும். இங்கே யாருக்கும் அவசரமில்லை.

அத்தை என்னிடம் நேராக எதையும் குறை சொல்ல மாட்டார். ஆண்டவரிடம் சொல்லுவார். நான் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன்.

"தோத்திரம் ஆண்டவரே. வெயிலுக்கு இந்த அறையைத் தந்தீரே, தோத்திரம். இருபத்தாறுல வச்சாலே போதும்னு தெரியாத பிள்ளைகளுக்கு ஞானத்தைத் தாரும். கைப்பிள்ள இருக்க எடத்துல இருபத்திநாலுல வைக்காங்க, நீரே பார்க்கிறீர்."

சாம் "ஆமென்" என்றார். சாம் எதற்கும் ஆமென் சொல்லுவார்.

என் முறை வந்தது. "நன்றி ஆண்டவரே, ஆமென்." நான் எப்போதும் அவ்வளவுதான்.

மே 7

வாளி பாதிகூட நிறையவில்லை. இருந்தாலும் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன்.

மே 9

மெக்கானிக் டைட்டஸ் வந்தார். இந்த வாரம் முழுக்க "இந்தா, தெருமுனையில நிக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தவர் இன்றுதான் தெருமுனைக்கு வந்து சேர்ந்தார்.

"கத்திரியில எங்களுக்குச் சாவக்கூட நேரமில்லக்கா. ஊரே போன் பண்ணுது" என்றபடி ஏ.சி.யின் மூடியைக் கழற்றினார். ஃபில்டரைக் கையில் எடுத்து ஒரு தட்டு தட்டினார். அத்தை மூன்று தடவை தும்மினார்.

"தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிட்டுக்கா. பாருங்க, கொழகொழன்னு. ஏ.சி.க்குச் சளி புடிச்சிருக்கு."

"அது சளி இல்லண்ணே. பயோஃபிலிம். பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒண்ணாச் சேந்து படலமா வளரும்."

"அதாங்க்கா, சளி."

"படிச்ச பிள்ள, அப்படித்தான் சொல்லுவா" என்றார் அத்தை. நான் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. இந்த வீட்டில் அது பயன்படுவது இட்லி மாவு புளிக்காத நாட்களில், என்னைக் கேலி செய்ய.

டைட்டஸ் குழாயை ஊதிச் சுத்தம் செய்தார். ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீரில் கழுவச் சொன்னார். வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியை உப்புக்காற்று தின்றுவிட்டதாம். "தகரம் முறுக்கு மாதிரி ஆயிட்டு. ஆனா ஓடும்."

போகும்போது வாளியைக் காலால் தள்ளி வைத்தார். "இனி இது வேண்டாம்க்கா. நிம்மதியாத் தூங்குங்க."

அத்தை வாளியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

மே 10

ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நன்றாகத் தூங்கினேன் என்று சாமிடம் சொன்னேன்.

ஒரே ஒரு சிரமம். எழுந்தவுடன் அத்தையின் குறட்டை நிற்கிறது. "என்னம்மா, என்னத்துக்கு எந்திச்ச?" என்று குரல் வருகிறது. தண்ணீர் குடிக்க என்றேன். சொன்னதற்காகக் குடிக்கவும் வேண்டியிருந்தது. அடுத்த தடவையும் தண்ணீர் குடிக்க என்றேன். பிறகு நிஜமாகவே குளியலறைக்குப் போக எழுந்தேன். அப்போது அத்தை கேட்கவில்லை.

பாப்பா மல்லாந்து படுத்தால் மூச்சு தெரிகிறது. திரும்பிப் படுத்தால் தெரியாது. விரலை மூக்கருகே வைத்தால் தெரியும், ஆனால் ஏ.சி. காற்றும் விரலில் படுவதால் எது ஏ.சி., எது பாப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. அணைத்தால் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள்.

மே 12

துணி துவைத்துப் பின்பக்கம் காயப்போட்டேன். ஏ.சி. தண்ணீர் வெளியே வருகிற குழாயின் முனை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேறு விசேஷமில்லை.

மே 13

ஏ.சி. மறுபடியும் ஒழுகுகிறது.

"அந்தப் பய என்னத்தச் சுத்தம் பண்ணுனான்?" என்றார் அத்தை. சாம் வாளியைத் தேடிப் போனார். வாளி ஏற்கெனவே என் கையில் இருந்தது.

மே 14

சாம் ஒரு முடிவோடு வந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை அவருக்கு. எதையும் ஓரிடத்திலிருந்து தூக்கி இன்னோரிடத்தில் வைத்தால் பிரச்சினை தீரும் என்பது அவர் தொழில் நம்பிக்கை.

"எம்மா, பெட்ரூமுக்குப் புது இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கிருவோம். பழசச் சரிபண்ணி ஹால்ல மாட்டிருவோம். நீ ஹால்ல கட்டில் போட்டு நிம்மதியாப் படு."

"எனக்கு எதுக்குல தனியா ஒரு ஏ.சி.? நான் என்ன கலெக்டரா?"

"பியூலாவுக்கும் பிள்ளைக்கும் இடைஞ்சல் இல்லாம இருக்கும்லா. ஒன் கொறட்டையில பிள்ள எப்படி ஒறங்கும்?"

"நானா கொறட்ட விடுதேன்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான் என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து சாமுக்கு நைட் ஷிப்ட். அப்படியென்றால் பெட்ரூமில் நானும் பாப்பாவும் மட்டும். விசாலமாக இருக்கும்.

மே 16

ஹாலில் ஏ.சி. வைப்பதில் சில நடைமுறைச் சிக்கல்கள் இருப்பதை எடுத்துச் சொன்னேன். யாராவது சொல்ல வேண்டுமே.

இரண்டு ஏ.சி.யை வயரிங் தாங்குமா என்று கேட்டேன். டைட்டஸ் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, தாங்கும் என்றார். சுவர் மேற்குப் பார்த்தது, சூடு இறங்கும் என்றேன். அதற்குத்தானே ஏ.சி. என்றார். சுவரில் ஓட்டை போட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் என்றேன். "ஓட்டைய வெளிப்பக்கமாச் சரிச்சுப் போடுவோம்க்கா, நாங்க என்ன நேத்தா வந்தோம்?" என்றார்.

கடைசியாக ஒன்று சொன்னேன். இது நியாயமானது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவே கிடையாது. குளிர் முழுக்க அடுப்படிக்குப் போய் தோசை மாவைத்தான் குளிர வைக்கும். டைட்டஸ் அடுப்படி வாசலைப் பார்த்து யோசித்தார். சாமும் யோசித்தார். எனக்குக் கொஞ்சம் பசித்தது. நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

சாயங்காலம் சாம் ஒரு சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மருந்துக்கடை வாசலில் தொங்குமே, அந்தக் கனத்த பிளாஸ்டிக் பட்டைகள். அடுப்படி வாசலில் தொங்கவிட்டாயிற்று.

அத்தை குழம்புச் சட்டியோடு அதற்குள் நுழைந்து வந்தார். "மாட்டுக்குப் பின்னால நின்னு வாலடி வாங்குன மாதிரி இருக்குல" என்றார்.

ராத்திரி ஜெபத்தில், "ஆண்டவரே, வீட்டுக்குள்ளேயே எங்களைப் பிரிச்சு வைக்குறதுக்கு எவ்வளவு கஷ்டப்படுறாங்க, பாரும்" என்றார். சாம் ஆமென் சொன்னார்.

மே 20

புது ஏ.சி. வந்தது. வீட்டில் காலையிலிருந்து சிமெண்டுத் தூசி. பாப்பாவை ஈரத்துணி தொங்கவிட்ட ஜன்னலோரம் வைத்துக்கொண்டேன்.

பழையதைக் கழற்றுவதற்கு முன் அடைப்பை எடுத்துவிடலாம் என்று டைட்டஸ் பின்பக்கம் போய்க் குழாய் முனையில் கம்பியை விட்டார். கொஞ்ச நேரத்தில், "சார், இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!" என்று சத்தம். சாம் போனார். அத்தை போனார். நானும் போனேன், போகாமலிருந்தால் நன்றாக இராது என்று.

கம்பியின் நுனியில் ஒரு வெள்ளைத் துணி. இறுக்கமாக முடிச்சுப் போட்டு, உருட்டியது.

"எலி கொண்டாந்து சொருகியிருக்கும் சார்."

"எலி முடிச்சுப் போடுமாண்ணே?"

"தூத்துக்குடி எலி சார். ஹார்பர்ல கப்பல் கட்டிப் பழகுனது."

சாம் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. துணியை டைட்டஸ் கையிலிருந்து வாங்கினார். முடிச்சை அவிழ்த்தார். ஓரத்தில் பச்சைக் கரை. மாமா உயிரோடு இருந்தபோது கட்டிய வேட்டி. பாப்பா பிறந்த அன்று அத்தைதான் அதைப் பாப்பாவின் துணிக்காக அளவு அளவாகக் கிழித்து மடித்துத் தந்தார்.

"அப்போ பழைய ஏ.சி.ல கோளாறே இல்லையாண்ணே?" என்றார் சாம்.

"ஒண்ணும் இல்ல சார். இந்தத் துணி இல்லன்னா ஒரு சொட்டு ஒழுகியிருக்காது."

சாம் வாசலில் அட்டைப்பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்திருந்த புது ஏ.சி.யைப் பார்த்தார். "சரி. வந்தது வந்துட்டு" என்றார்.

காற்றில் பறந்து போய் விழுந்திருக்கும்.

அத்தை அந்தத் துணியைக் கல்லில் போட்டுத் துவைத்துக் காயவைத்தார். இப்போது பாப்பாவின் அலமாரியில், மற்ற துணிகளுக்கு மேலே, மடித்து இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மே 21

நேற்றைய ராத்திரி புது ஏ.சி.யில் முதல் ராத்திரி. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது என்று கடைக்காரர் சொன்னாராம். உண்மைதான். கொஞ்சம்கூடச் சத்தமில்லை. பழைய ஏ.சி. ஹாலில் கடகடவென்று ஓடுவது கதவைத் தாண்டி லேசாகக் கேட்கிறது. அத்தையின் குறட்டை கேட்கவில்லை.

இவ்வளவு அமைதியில் ஒரு குழந்தை மூச்சு விட்டால் கேட்க வேண்டும் அல்லவா?

ரிமோட்டில் ஸ்லீப் மோட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. தூங்கப்போவது யார் என்று விளக்கப் புத்தகத்தில் இல்லை.

ஒழுகவும் இல்லை. வாளியை எடுத்து வந்து கீழே வைத்துப் பார்த்தேன். காலியாக இருந்தது. காலியாக இருப்பதை அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

காலையில் குளிப்பாட்டும்போது பாப்பா கையிலிருந்து நழுவப் பார்த்தாள். சோப்பு வழுக்கியது என்று சொன்னேன். அத்தை பாப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மே 22

சாம் ஷிப்டுக்குப் போன பிறகு அத்தை பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து ஹாலுக்கு வந்து, ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு வந்து, தரையில் உட்கார்ந்தார். ஜெபம் என்றார். நானும் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினேன். பாப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தோத்திரம் ஆண்டவரே. ஹாலுக்கு ஏ.சி. தந்தீரே, தோத்திரம். எனக்கு அதுல ஒறக்கம் வரல, அதையும் நீரே அறிவீர். சாமு கைப்பிள்ளையா இருக்கையில நான் ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடந்தேன். அவிய கேட்டாவ, என்னத்துக்குட்டி ஒறங்காமக் கெடக்கன்னு. தெருக்குழாயில தண்ணி வரும், புடிக்கணும்னு சொன்னேன். தண்ணி வாரத்துல ஒரு நாள்தான் வந்துது ஆண்டவரே. நான் ஏழு நாளும் கொடத்தோட உக்காந்திருந்தேன். பிள்ள மூக்குல வெரல வச்சுப் பாப்பேன். கொடத்தப் பாப்பேன். மறுபடியும் பிள்ளையப் பாப்பேன். யாருகிட்டயும் சொல்லல. ஒம்மகிட்டகூட இன்னைக்குத்தான் சொல்லுதேன்."

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தையின் கண்கள் இறுக மூடியிருந்தன. சேலைத் தலைப்பு தலையிலிருந்து நழுவியிருந்தது.

"இப்போ ஒரு பிள்ள வாளியோட உக்காந்திருக்கு. என் மகன் அந்த வாளிக்கும் வேலையில்லாமப் பண்ணிட்டான். நான் கேட்டா, ஒண்ணுமில்ல அத்தைன்னு சொல்லும். அதனால நீரே கேளும். ஆமென்."

என் முறை.

"நன்றி ஆண்டவரே" என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்து ஆமென்தான் வர வேண்டும். வரவில்லை. அத்தை கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "நான் தூங்கிட்டா பாப்பா மூச்சு நின்னுரும்னு தோணுது. நான் பாத்துக்கிட்டே இருந்தா நிக்காதுன்னு தோணுது. அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போக மாட்டேங்குது. பிள்ள பொறந்ததுல இருந்து இப்படித்தான். தனியா என்னால முடியல. அத்தை ஹாலுக்குப் போக வேண்டாம்."

இன்னும் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள்.

"ஆமென்" என்றார் அத்தை. மூக்கைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஹால்ல என் தலகாணி கெடக்கு, எடுத்துட்டு வா. பாதி ராத்திரி வரைக்கும் நான் பாக்கேன். பொறவு ஒன்ன எழுப்புதேன்."

"எழுப்புவீங்களா?"

"எழுப்புதேன்னு சொல்லுதேன்லா?"

"அந்தத் துணி..." என்றேன்.

"எந்தத் துணி?" என்றார் அத்தை. "எலின்னு டைட்டஸே சொல்லிட்டான். நாளைக்குப் பிள்ளைக்கு ஊசி போடப் போவோம்லா, டாக்டரம்மாகிட்ட ஒன்னையும் காட்டணும்."

"எனக்கு என்ன?"

"அத அந்தம்மா சொல்லட்டும். இப்போ படு."

மே 23

அத்தை எழுப்பவில்லை.

கண் விழித்தபோது வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது. முதலில் எங்கே இருக்கிறேன் என்று புரியவில்லை. பிறகு பதறி எழுந்து பாப்பாவைப் பார்த்தேன்.

அத்தை கட்டிலோரம் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் விரல் பாப்பாவின் மூக்கருகே நீட்டியபடி இருந்தது. பாப்பா விழித்திருந்தாள். அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த விரலைக் கழுவியிருந்தாரா என்று தெரியாது. நான் மைக்ரோபயாலஜி படித்தவள். இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பிப் படுத்தேன்.

சாம் ஷிப்ட் முடிந்து வந்து ஹாலில் காலிக் கட்டிலைப் பார்த்தார். பெட்ரூம் கதவைத் திறந்து மூன்று பேரையும் பார்த்தார். "அப்போ ஹால் ஏ.சி. யாருக்கு?" என்றார்.

"பகல்ல ஒறங்க வாரவனுக்கு" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமல். "போய்ப் படுல."

சாம் போய்ப் படுத்தார். சாயங்காலம் பாப்பாவுக்கு ஊசி போடக் கிளம்பும் வரை எழவில்லை. அந்த ஏ.சி. இடம்பெயர்ந்தது வீணில்லை என்று எழுந்ததும் சொன்னார்.

மே 28

கத்திரி இன்றோடு முடிகிறதாம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டாக்டரம்மாவை இன்று இரண்டாம் தடவை பார்த்துவிட்டு வந்தோம். அவர் அறையில் ஏ.சி. பதினெட்டில் ஓடுகிறது, அத்தை அதற்கும் சேர்த்து ஜெபிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். போன தடவை பாப்பாவுக்கு ஊசி போட்ட பிறகு டாக்டரம்மா என்னிடம் நிறையக் கேட்டார். சாமையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். சாம் அங்கே ஆமென் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்திருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், நிறையப் பேருக்கு வருமாம், மாத்திரை உண்டாம், சரியாகிவிடுமாம். பெயர் உள்ள எதைக் கண்டும் எனக்கு அவ்வளவு பயமில்லை. பெயர்களைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ராத்திரி எழுகிறேன். ஆனால் இப்போது முறை இருக்கிறது. என் முறை இல்லாத நேரத்தில் எழுந்தால் இருட்டிலிருந்து "ட்யூட்டி என்னுது" என்று குரல் வருகிறது.

இன்று ஃபில்டர் இரண்டையும் கழுவிக் காயவைத்து மாட்டினேன். வாளியைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தேன். நானேதான் வைத்தேன்.

ஜெபத்தில் அத்தை, "இருபத்தாறுல வைக்க ஞானத்தைத் தாரும் ஆண்டவரே" என்று முடித்தார்.

நானும் இப்போது நீளமாக ஜெபிக்கிறேன். "ஆண்டவரே, இருபத்திநாலுல வச்சாத்தான் இந்த ஊரு ஈரம் போகும்னு தெரியாத பெரியவங்களுக்கும் ஞானத்தைத் தாரும்" என்றேன்.

சாம் இரண்டுக்கும் ஆமென் சொன்னார். ரிமோட்டை எடுத்து இருபத்தைந்தில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

அத்தையின் குறட்டை தொடங்கிவிட்டது. இன்னும் எழுத இருக்கிறது. தூக்கம் வருகிறது.